இடப்பக்கக் கதவு

ஆடி 26, ஞாயிறு

இருந்தவர்கள்: நான் (தேவநாயகி), என் வீட்டுக்காரர் சென்னியப்பன், அவருடைய தம்பி மயில்சாமி, மயில்சாமியின் மனைவி சாவித்திரி. ஓசூரிலிருந்து போனில் மகள் நிவேதா. தண்ணீர் கேன் போட வந்தவர் பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போனார், அவரைச் சேர்க்கவில்லை.

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதாவிட்டால் எனக்கு மேற்கொண்டு கை ஓடாது. மகளிர் குழுவில் தீர்மான நோட்டு எழுதிய காலத்துப் பழக்கம். எட்டாவதோடு நின்றவளுக்கு எழுத்தும் கணக்கும் அந்த நோட்டில்தான் வந்தது. சொல்லித்தர ஆளில்லை. எனக்கு முன்னால் எழுதியவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

நடந்தது: அரிசிம்பருப்பு சாப்பிட்டு முடித்து மோருக்குக் கை நீட்டுகிற நேரம். அவர் சொன்னார், "ரெண்டாவதா ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கறன்."

"நல்லதுங்ணா. அண்ணிக்கு ஸ்கூட்டருங்களா?" என்றார் மயில்சாமி.

"காரு. ரெண்டே சீட்டு. ஸ்போர்ட்ஸ் காரு. பழசுதான், வெல கம்மியாப் பாக்கோணும்."

சாவித்திரி மோர்க் கரண்டியைச் சட்டியில் விட்டுவிட்டாள். மயில்சாமி தன் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்ணா, உங்களுக்கு அன்னிக்கு வந்தது காலுக்கா, மண்டைக்கா?"

"எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டுக்கும் சேத்துத்தான் மாத்தர சாப்புடறன்" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் மயில்சாமி பாதியில் நிறுத்திக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கை நன்றாகத் திரும்பி வந்துவிட்டது. கால் வந்துகொண்டிருக்கிறது. கிரைண்டர் பட்டறையை வாடகைக்கு விட்டாயிற்று. பட்டறைக்கு ஓடிய ஆம்னி வேனை நான் ஓட்டப் பழகி, லைசன்சும் வாங்கி, இப்போது பிசியோதெரபிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் அதில்தான் போய் வருகிறோம்.

நிவேதா போனில், "சூப்பர்ப்பா! செகப்பா வாங்குங்க!" என்று கத்தினாள். அவளுக்கென்ன, ஓசூரில் இருக்கிறாள்.

"ஆடி முடியட்டும், அப்பறம் பேசிக்கலாமுங்" என்றேன். ஆவணிக்குள் மறந்துவிடுவார்.

மருதமலையானே, உனக்கு நன்றி. இரண்டு வருஷமாக இவர் தனக்கென்று ஒரு முறுக்குக்கூடக் கேட்டதில்லை. இன்றைக்கு ஆசைப்பட்டு ஒன்று கேட்டார். அது நடக்காவிட்டாலும் கேட்டதே எனக்குப் போதும்.

ஆடி 29, புதன்

மறக்கவில்லை.

ஆவணி 2, ஞாயிறு

அவிநாசி ரோட்டில் பழைய கார் விற்கிற இடம். நானும் அவரும் போனோம். ஆம்னியை வெளியே ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், வாசலை மறைக்கிறதாம்.

சிவப்பு வண்டி. முன்னால் வண்டு போலக் குனிந்திருந்தது. விற்கிறவர் வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாசுமாக வந்து, இவரிடம் மட்டும் பேசினார். "சார், மிதிச்சீங்கன்னா சீறும் சார். உங்கள மாதிரி ரசிகர்தான் சார் இதுக்குக் கரெக்ட்டு." கைத்தடியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பேசுவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

இவர் நேராகப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார். உட்காருவதற்குள் பெரும்பாடு. தடியை என்னிடம் கொடுத்து, முதுகைக் காட்டித் திரும்பி, பொத்தென்று விழுந்து, பிறகு இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு, "நீ எத்தன நேரம் வெய்யில்ல நிப்ப? அந்தப் பக்கம் சும்மா உக்காரு" என்றார்.

சும்மாதான் உட்கார்ந்தேன். ஸ்டீரிங் சின்னது, நம் டிபன் தட்டு அளவுதான் இருக்கும். தோல் சுற்றியிருந்தது. கியரின் தலை உள்ளங்கைக்குள் அடங்கியது. ரோடு கண்ணுக்கு வெகு பக்கத்தில் தெரிந்தது. ஆம்னியில் மாடியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், இதில் தரையில் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

"இந்த சீட்டு முன்னால எவ்வளவு தூரம் வருமுங்க?" என்று இவர் கேட்டார்.

"சாருக்குப் பின்னாலதான சார் தள்ளணும்?" என்றார் வெள்ளைச் சட்டை. இவர் ஆறடி.

"முன்னால எவ்வளவு வருதுன்னு பாக்கோணும்" என்றார் மறுபடி. ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. எனக்குக் கால் எட்டவில்லை என்பது வேறு விஷயம்.

உட்கார்ந்த இடத்தில் கை சும்மா இருக்காதே எனக்கு. மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். சீட்டு நகருகிற தண்டவாளத்தில் பொடி மணல், சலித்தெடுத்த மாதிரி. விரலில் தொட்டுக் காட்டினேன். "இது மணலுங்களா?"

"ஓனரு பீச்சுக்குப் போவாரு மேடம்."

"பீச்சே வண்டிக்குள்ள வந்து குடியிருந்தாப்ல இருக்குதுங்களே" என்றார் இவர். மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. அப்புறம் வெள்ளைச் சட்டை சீறும் என்று சொல்லவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். நானும் வெள்ளைச் சட்டையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கிணற்றில் விழுந்த அண்டாவை எடுக்கிற மாதிரி எடுத்தோம். அவர் கூலிங் கிளாஸ் கீழே விழுந்தது.

நன்றி: மணலைக் கண்ணில் காட்டினாயே. அந்த மனிதரின் கிளாஸ் உடையவில்லை, அதற்கும்.

ஆவணி 5, புதன்

வெண்டைக்காய் முற்றல். பிசியோவுக்குப் போய் வந்தோம். பிசியோ தம்பி, கார்த்திகைக்குள் நல்ல மாற்றம் தெரியும் என்றார். எந்தக் கார்த்திகை என்று நான் கேட்கவில்லை.

பூஜை அறை மணையை இவர் எடுத்துப்போய் ஹாலில் போட்டு, அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. வேர்த்துக் கொட்டுகிறது. பிசியோ தம்பி சொன்னாரா என்றேன். "நானாத்தான். முட்டிக்கு நல்லது" என்றார். மணை பூஜைக்கு வேண்டும், வேறு பலகை பார்க்க வேண்டும்.

மணை உடையாமல் இருப்பதற்கு நன்றி.

ஆவணி 9, ஞாயிறு

திருப்பூர். பனியன் கம்பெனி வைத்திருப்பவர். போனில் ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொன்னார். போய்ப் பார்த்தால் எல்லோர் வீட்டிலும் நிற்கிற சின்னக் கார்தான். பின்னால் ஒரு இறக்கை வைத்து, கீழே ஊதா விளக்குப் போட்டிருக்கிறார். "ரெக்க வெச்சா கோழி கழுகாயிருமுங்களா?" என்று இவர் என் காதில் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையில் இருமினேன்.

ஸ்டார்ட் பண்ணியதும் குக்கருக்குள் ஆணி போட்டு வேகவைத்த மாதிரி சத்தம்.

இவர் என்னிடம், "அம்மணி, ஒரு ரவுண்டு போய்ட்டு வா. வெளிய நின்னு கேட்டாத்தான் எனக்கு சத்தம் புடிபடும்" என்றார். பனியன் கம்பெனிக்காரர் திடுக்கிட்டு, "அம்மாவா?" என்றார். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இவருக்குச் சத்தம் பிடிபட வேண்டுமே என்று ஓட்டினேன்.

கம்பெனிக்குப் பின்னால் நேர் ரோடு, ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆளில்லை. முதல் கியரில் முனகியது. இரண்டாவதில் விட்டேன். மூன்றாவது போடும்போது கிளட்சை மெதுவாக விட்டால் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளு. மிளகாய்த் தோட்டம், கரண்ட் கம்பம், ஒரு மாடு, எல்லாம் பின்னால் போய்விட்டன. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்தேன். வண்டி தலையைக் குனிந்து, அப்படியே சுற்றி, வெளியே வரும்போது நிமிர்ந்தது. வளைவில் பிரேக்கை மிதிக்கக் கூடாது, அதற்கு முன்னாலேயே மிதித்து முடித்துவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆம்னியில் கேஸ் சிலிண்டர் உருளாமல் கொண்டுவந்து கொண்டுவந்து தெரிந்துகொண்டேன்.

வண்டியைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை. பேப்பர் வீண்.

திரும்பி வந்தபோது இவர் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "வேண்டாமுங், இஞ்சின் தேஞ்சிருக்குது" என்று அந்த ஆளிடம் முடித்துவிட்டார்.

வரும் வழியில் ஆம்னியில் சொன்னார், "கல்யாணமான புதுசுல செட்டிபாளையம் கார் ரேசுக்குக் கூட்டீட்டுப் போனனே, ஞாபகம் இருக்குதா? நீ புடிச்சிட்டு நின்ன வேலிக் கம்பி இன்னும் வளஞ்சுதான் இருக்கும்."

"உங்களுக்குத்தான் ரேஸ் பைத்தியமுங். நான் சும்மா தொணைக்கு வந்தேன்" என்றேன்.

"ம்" என்றார்.

ஊர் வந்து சேர்ந்தோம். நன்றி.

ஆவணி 10, திங்கள்

சின்ன வெங்காயம் விலை இறங்கியிருக்கிறது. நன்றி.

ஆவணி 13, வியாழன்

மயில்சாமி வந்திருந்தார். இவர் குளிக்கப் போயிருந்தார். காபியைக் கையில் வாங்கியும் குடிக்கவில்லை.

"அண்ணி, நீங்களாச்சும் சொல்லக்கூடாதுங்களா? சொந்தபந்தம் பூராச் சிரிக்குது. சின்னு மாமா என்ன பேரு வெச்சிருக்காருன்னு தெரியுங்களா? ரேஸ் கவுண்டராம்."

"சிரிச்சாச் சிரிக்கட்டுமுங்க."

"அதில்லீங் அண்ணி. அண்ணனால ஓட்ட முடியாது. கடைசீல நீங்கதான் ஓட்டோணும். ரெண்டு சீட்டு வண்டி, நீங்க ஓட்டறீங்க, அண்ணன் தடியப் புடிச்சிட்டு பக்கத்துல உக்காந்துட்டு வர்றாரு. ஊரு பேசாதுங்களா? உங்களயுமல்ல பேசும்?"

"நான் எதுக்கு ஓட்டறேன்? அவருக்குக் கால் சரியாயிரும். கார்த்திகைக்குள்ளன்னு சொல்லியிருக்காங்க."

மயில்சாமி காபியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "சரீங் அண்ணி" என்றார். அவர் நல்ல மனிதர். அண்ணனைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர். அதை நான் மறக்க மாட்டேன்.

பணம் ஒரு பிரச்சினை இல்லை. ஏலச்சீட்டு முதிர்ந்த பணம் இருக்கிறது, கணக்கு வேறு நோட்டில் சரியாக இருக்கிறது. ஆனால் இது கணக்குப் போட்டு முடிவெடுக்கிற விஷயம் இல்லை என்று படுகிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூவாக்குக் கேட்டுவிடுகிறேன்.

ஆவணி 14, வெள்ளி

தலைக்குக் குளித்து, பூஜை அறையைத் துடைத்து, விளக்கேற்றினேன். நந்தியாவட்டையில் ஒரு பூ, செவ்வரளியில் ஒரு பூ. இரண்டையும் தனித்தனியாக வெற்றிலையில் ஒரே மாதிரி மடித்துக் கட்டி, முருகன் படத்துக்கு முன்னால் கலைத்துப் போட்டேன். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். பொள்ளாச்சியில் எங்கள் அம்மா வீட்டு முறை.

இத்தனை வருஷத்தில் இவர் பூவாக்குக்கு வந்து நின்றதே இல்லை. இன்றைக்குத் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "நான் எடுக்கறன், தள்ளு" என்றார். கண்ணை மூடி வெகு நேரம் கும்பிட்டார். நானும் மனதுக்குள், சாமி, இந்த வண்டி வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டேன்.

இவர் எடுத்துக் கொடுத்ததை நான் பிரித்தேன். சிவப்பு.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. விரதத்தில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

இவரைப் பார்த்தால் முகமெல்லாம் பல். "அம்மன் சொல்லீட்டா" என்றார். பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காங்கயத்துப் பக்கம் இவர்களுடைய குலதெய்வம் அம்மன். அங்கே சிவப்புதான் உத்தரவு. வெள்ளை வந்தால்தான் ஆகாது. அங்கே போகும்போதெல்லாம் நானும் சிவப்புக்குத்தான் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பூஜை அறையில் எப்போதும் எங்கள் அம்மா முறைதான். அது இவருக்குத் தெரியாது.

சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பேசாமல் கற்பூரம் காட்டினேன்.

முருகா, நீ சொன்னது வேண்டாம் என்றா? அம்மன் சொன்னது சரி என்றா? நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளக் கூடாதா?

சாயங்காலம் இவருக்குப் போனில் ஒரு படம் வந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டு வண்டி. நம் நாட்டிலேயே கொஞ்சமாகச் செய்து நிறுத்திவிட்ட ரகமாம். மஞ்சள் நிறம்.

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவர் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்றதால்.

ஆவணி 16, ஞாயிறு

மேட்டுப்பாளையம். ஃபிலோமினா டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். கழுத்தில் விசில் இல்லையே தவிர, குரலில் இருக்கிறது.

"வாங்க வாங்க, கேட்டைச் சாத்துங்க, நாய் ஓடிடும். சார், அந்தக் கல்லுல கால வெக்காதீங்க, ஆடும்."

பலா மரத்தடியில் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தி நின்றது. டீச்சர் ஒரே இழுப்பில் இழுத்தார். மஞ்சள், வெயில் தின்று வங்கனப்பள்ளித் தோல் மாதிரி ஆகியிருந்தது. ஃபைபர் உடம்பு, துரு இல்லை. மேலே துணிக் கூரை, மடக்கிப் பின்னால் செருகிவிடலாம்.

"முதல்லயே சொல்லிடறேன். மழை பேஞ்சா தையல்ல ஒழுகும். வலப்பக்கக் கண்ணாடிய கையால தூக்கிவிடணும். ஹார்ன் அதுக்கா மனசு வந்தா அடிக்கும். இஞ்சினும் பிரேக்கும் தங்கம். எங்கண்ணன் வாங்கினது. அவன் போனப்புறம் வாராவாரம் கோத்தகிரி சர்ச்சுக்கு நான்தான் ஓட்டிட்டிருந்தேன். இப்போ தோள்பட்டை போயிடுச்சு."

இவர் இடப்பக்கக் கதவைத் திறந்து, திரும்பி, உட்கார்ந்து, காலை எடுத்து உள்ளே வைத்தார். யாரும் பிடிக்கவில்லை. எனக்கு மணை ஞாபகம் வந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன். சீட்டை இழுத்தால் முன்னால் வந்தது, இன்னும் வந்தது. மூன்று பெடலும் காலுக்குக் கீழே வந்து நின்றன. டீச்சர் என்னைவிடக் குள்ளம்.

டீச்சர் சாவியைத் திருப்பிக் காட்டினார். திருப்பூர் வண்டி மாதிரி கத்தவில்லை. தூங்குகிற பூனையின் வயிற்றில் கை வைத்த மாதிரி சீட்டு வழியாக வந்தது.

பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டுக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார், "யாரு ஓட்டுவீங்க?"

இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"அவருங்க" என்றேன்.

டீச்சர் இவர் மடியிலிருந்த தடியைப் பார்த்தார். கேலியாகப் பார்க்கவில்லை. "எப்போ?"

"கால் சரியானதுமுங்க."

"அதுவரைக்கும்?"

"நிறுத்தி வெப்போமுங்க."

"நிறுத்தி வெக்கறதுக்கு ஊட்டில ஒரு ரிசார்ட்டுக்காரர் கேட்டுட்டிருக்கார்மா. வாசல்ல நிறுத்தி, உள்ள மண்ணைக் கொட்டி, பூச்செடி வெக்கப் போறாராம். வர்றவங்க போட்டோ எடுத்துக்கவாம். எனக்கு மனசு வரல. அதான் ஓட்டற ஆளாத் தேடறேன். நிறுத்தறவங்களுக்குக் குடுத்தா ரெண்டும் ஒண்ணுதானே?"

இந்தச் சீட்டில் மண்ணைக் கொட்டுவார்களாம்.

டீச்சர் என் கையைப் பார்த்தார். கை கியர்மேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறீங்களாம்மா?"

"எனக்கெதுக்குங்க" என்றேன்.

திருப்பூரில் ஓட்டியது வேறு. அது இவருக்குச் சத்தம் கேட்க.

"செப்டம்பர் பதினாறாம் தேதி வரைக்கும் அவர்கிட்டச் சொல்லாம வெச்சிருக்கேன். அதுக்குள்ள யாரு ஓட்டுவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க." போகும்போது ஒரு பை கொய்யாப்பழம் கொடுத்தார்.

காரமடை தாண்டியதும் இவர் மெதுவாக, "அம்மணி, ரொம்ப நேரமா ரெண்டாவது கியருலயே வர்ற" என்றார்.

கொய்யாப்பழத்துக்கு நன்றி. வேறு என்ன எழுத என்று தெரியவில்லை.

ஆவணி 18, செவ்வாய்

இவர் வண்டிப் பேச்சே எடுப்பதில்லை. கோபமும் இல்லை. மணையில் உட்கார்ந்து எழுந்திருப்பது மட்டும் நிற்கவில்லை. இப்போது ஜன்னல் கம்பியைப் பிடிப்பதில்லை.

உப்புமாவில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்.

ஆவணி 22, சனி. விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டைக்கு மாவு நான் கிளறினேன், சொப்பு இவர் பிடித்தார். இந்த இடது கையில் ஒரு காலத்தில் ஸ்பூன் நிற்கவில்லை. இன்றைக்கு அதே கை மாவைச் சுற்றிச் சுற்றிக் கிண்ணம் மாதிரி பிடிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே பூரணம் உருட்டினேன்.

"டீச்சரு ரிசார்ட்டுக்காரனுக்கே குடுத்துருவாங்களாட்ட இருக்குது" என்றார்.

இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "அது அன்னிக்கே சாமி வேண்டாம்னு சொன்னதுதானுங்க. எங்கம்மா ஊட்ல செகப்பு வந்தா ஆகாது. உங்க மொகத்தப் பாத்துட்டு நான் சொல்லல."

இவர் சொப்பைக் கீழே வைத்துவிட்டார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏ புள்ள, முப்பது வருசமா ஒரே ரூமுக்குள்ள ரெண்டு சட்டம் வெச்சு நடத்தீட்டு வர்றியா?"

"சிரிக்காதீங்க. வண்டி வாங்கலாமான்னு கேட்டு, செகப்பு வந்துச்சு. அப்ப வேண்டாம்னுதானுங்களே?"

"நான் அதக் கேக்கவே இல்லியே."

"பின்ன என்னத்தக் கேட்டீங்க? அவ்வளவு நேரம் கண்ண மூடி நின்னீங்க?"

"இவ ஒரு நாளாச்சும், எனக்கு இது வேணும்னு வாயத் தொறந்து கேப்பாளான்னு கேட்டேன். செகப்பு வந்துச்சு. எங்காத்தா கேப்பான்னு சொல்லீட்டா."

நான் பூரணத்தை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

"எனக்கெதுக்குங்க ஸ்போர்ட்ஸ் காரு. உங்களுக்குக் கால் சரியானா…"

"அம்மணி." அந்தக் குரலில் அவர் கூப்பிட்டு வெகு நாளாயிற்று, அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "என்ற கால் கிளட்ச் மிதிக்காது. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். பிசியோ தம்பிக்கும் தெரியும். பாவம், அவரு உன்ற மொகத்தப் பாத்துட்டு கார்த்திக கார்த்திகன்னு தள்ளீட்டே போறாரு. நான் மணைமேல எதுக்கு உக்காந்து எந்திரிக்கறன்? ஓட்டறதுக்கா? இடது பக்கம் ஏறி எறங்கத்தான்."

"அப்ப எல்லார்த்துகிட்டயும் எனக்கு எனக்குன்னு சொன்னீங்களேங்க?"

"உனக்குன்னு சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா? வேலிக் கம்பியவே எனக்குத் தொணைக்குப் புடிச்சேன்னு சொன்ன ஆளு. எனக்குன்னா, ரேஸ் கவுண்டர்னு சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போறாங்க. எனக்கும் மெத்தைல படுத்துட்டு பரிதாபப் பார்வ வாங்கி அலுத்துப் போச்சு. அதுக்கு இந்தச் சிரிப்பு பரவால்ல."

நான் சொல்லாமலே சின்னு மாமா வைத்த பேர் அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"ஆனா டீச்சரு கேட்டப்ப நான் சொல்லல பாத்தியா? அது மட்டும் நான் சொல்றதில்ல. அத நீதான் சொல்லோணும்" என்றார். சொப்பை எடுத்து மறுபடி பிடிக்க ஆரம்பித்தார்.

இட்லிப் பானையில் தண்ணீர் வற்றியதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. அடித்தட்டுக் கொழுக்கட்டை வெடித்துப் பூரணம் வழிந்துவிட்டது. மூடியைத் திறந்தபோது ஆவி கண்ணில் அடித்தது. அதற்குக் கண்ணைத் துடைத்தேன்.

வெடித்ததைப் பிள்ளையாருக்கு வைக்கவில்லை. நாங்கள் சாப்பிட்டோம்.

பிள்ளையாரப்பா, உனக்கு நன்றி. முருகனுக்கு நன்றி. காங்கயத்து அம்மனுக்கு நன்றி. நான் கேட்டதற்கு வேண்டாம் என்றோ சரி என்றோ எது சொன்னீர்களோ, அது இருக்கட்டும். அவர் கேட்டதற்குப் பதில் என் கையில்தான் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

ஆவணி 23, ஞாயிறு

காலையில் மயில்சாமிக்கு நானே போன் செய்தேன். "தம்பி, அந்த வண்டிய ஓட்டப் போறது நாந்தானுங்க. சின்னு மாமாகிட்டயும் சொல்லீருங்க. பேரு வெக்கறதுன்னா எனக்கு வெக்கச் சொல்லுங்க" என்றேன். அதற்கு அவர், "அண்ணி, அண்ணன் ஒழுகுதுன்னாரே, அந்தத் துணிக் கூரை தைக்கறதுக்கு எங்க கம்பெனில கெட்டி நூல் இருக்குதுங். கொண்டாந்து தரட்டுங்களா?" என்றார்.

நல்ல மனிதர் என்று சும்மாவா எழுதினேன்.

டீச்சருக்கு மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்துவிட்டேன். "என் வீட்டுக்காரர் விருப்பப்படுவதால்" என்று தொடங்கிவிடுகிறது. எங்கிருந்துதான் வருகிறதோ.

ஆவணி 24, திங்கள்

இருந்தவர்: நான் மட்டும். அவர் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அனுப்பியாயிற்று. குழுவில் அனுப்பிய எல்லாவற்றுக்கும் நகல் வைத்துப் பழக்கம், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். நான் கோயமுத்தூர் கணபதியிலிருந்து தேவநாயகி. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு வந்து உங்கள் மஞ்சள் வண்டியைப் பார்த்தோம். யாரு ஓட்டுவீங்க என்று கேட்டீர்கள். அப்போது எனக்கு வாய் வரவில்லை.

ஓட்டப்போவது நான். எனக்கு அந்த வண்டி வேண்டும். என் வீட்டுக்காரர் இடப்பக்கம் உட்கார்வார். யாரும் பிடிக்காமல் ஏறி இறங்கப் பழகிக்கொண்டார். கூரையின் தையலை நானே தைத்துக்கொள்வேன். கண்ணாடியைக் கையால் தூக்கிவிட எனக்குச் சிரமம் இல்லை. ஹார்ன் அதற்கு மனசு வரும்போது அடிக்கட்டும். வண்டியை நிறுத்தி வைக்க மாட்டேன். வாரம் ஒரு தடவையாவது மலை ஏற்றுவேன். உங்களுக்கு இஷ்டமானால் ஒரு ஞாயிறு உங்களைச் சர்ச்சில் விட்டுவிட்டு வருகிறேன், அன்றைக்கு மட்டும் என் வீட்டுக்காரர் உங்கள் வீட்டில் கொய்யாப்பழம் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் பூஜையை முடித்துவிட்டு வந்து ஓட்டிக் காட்டுகிறேன். கோத்தகிரி ரோட்டில் முதல் வளைவு வரைக்கும் போவோம், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பிடிக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம்.

அதுவரைக்கும் உள்ளே மண் கொட்ட விடாதீர்கள். வண்டி இன்னும் இருக்கிறதா, தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.